புது ரோடு மட்டும் போதாது, பராமரிப்பும் வேண்டும்

(குருவிட்டயில் தோட்டக் கமிட்டிகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாக்குக் கேட்டு லயத்துக்கு வருகிறவர்களிடம் ரோட்டைப் பற்றிக் கேட்டால், "அது தோட்டத்து ரோடு, பிரதேச சபை கை வைக்க முடியாது" என்பார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில், 33ஆம் பிரிவு அதற்குத் தடையாக இருந்தது உண்மை. மலையக மக்கள் தொடர்ந்து குரல் கொடுத்தோம். 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. இன்று அந்தச் சாக்கு செல்லாது.

ஆனால் எதைக் கேட்கிறோம் என்பது முக்கியம். கொங்கிரீட் போட்டு, பெயர்ப்பலகை நட்டுவிட்டுப் போனால் போதாது. இரத்தினபுரி மாவட்டத்து மழை உங்களுக்குத் தெரியும். ரோட்டுக்கு முதல் எதிரி தண்ணீர். காண் அடைபட்டால் தண்ணீர் ரோட்டில் ஓடும். வெடிப்பு வழியே இறங்கி அடிமண்ணை இளக்கும். அதன்மேல் கொழுந்து லொறி ஏறினால் குழி விழும். சின்னக் குழியை உடனே அடைத்தால் இரண்டு வாளிக் கலவை போதும். விட்டுவிட்டால் ரோட்டையே பெயர்த்துப் போட வேண்டிவரும். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை ஏற்றப்போன வாகனம் பாதிவழியில் நின்றால், அந்த நட்டத்துக்கு யார் கணக்குப் போடுவது?

சபையின் வரவுசெலவுத் திட்டம் வருட முடிவுக்குள் நிறைவேற வேண்டும். அதற்கு முன்பே ஒவ்வொரு கமிட்டியும் கடிதம் கொடுங்கள். ரோட்டின் நீளம், அடைபட்ட காண், உடைந்த மதகு எல்லாவற்றையும் எழுதுங்கள். வருடாவருடம் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கக் கேளுங்கள். தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

இது சலுகை அல்ல, நம் உரிமை.