சோழிக் கணிதமும் கைக் கணிபொறியும்

இக்காலத்து மாணவன் கையிலுள்ள சிறு கணிபொறி, கூட்டலும் கழித்தலும் செய்வதோடு நின்றுவிடுவதில்லை. செய்முறையைப் படிப்படியாக அதனுட் பதித்துவிட்டால், கொடுத்த எண்ணுக்கு ஏற்ற விடையைத் தானே காணும். வளைகோட்டையும் திரையில் வரைந்து காட்டும். 1974 இல் வெளிவந்த எச்.பி.-65 என்னும் கைக் கணிபொறி நூறு படிகள் கொண்ட செய்முறையையே ஏற்றது. 1985 இல் வந்து வரைபடம் காட்டிய காசியோ பொறியிலும் செய்முறைக்குக் கிடைத்த இடம் 422 பைட்டுகளே. இத்துணைச் சிறிய இடத்தில் பெருங்கணிதத்தை அடக்க முயல்வோன், எதனை நினைவில் வைப்பது, எதனைக் கணித்துப் பெறுவது என்று முதலில் ஆராய்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. அங்கே பஞ்சாங்கம் கணித்தோர் கையாண்ட வாக்கிய முறை இத்தகையதே. சந்திரன் வானில் ஒரே வேகத்தில் செல்வதில்லை. அதன் வேகம் கூடிக் குறைந்து, ஏறத்தாழ இருபத்தேழரை நாளில் பழைய நிலைக்கு மீள்கின்றது. இத்தகைய ஒன்பது சுற்றுக்கள் 248 நாட்களுக்கு மிக அண்மையில் முடிகின்றன. ஆதலால் 248 நாட்களின் சந்திர நிலைகளை 248 சிறு வாக்கியங்களாக்கினர் முன்னோர். எழுத்துக்களே எண்களாக நின்றமையால், வாக்கியத்தை மனனம் செய்தவனுக்கு எண் தவறாது. கழிந்த நாட்களின் தொகையை 12372, 3031, 248 என்னும் எண்களால் முறையே வகுத்து, ஈவுகளுக்குரிய திருத்தங்களைக் கூட்டி, எஞ்சிய எண்ணுக்குரிய வாக்கியத்தைச் சேர்த்தால் சந்திரனின் இடம் கிடைக்கும். நினைவும் செய்முறையும் மனிதனுள்ளேயே அமைந்த கணிபொறி என்று இதனைச் சொல்லலாமன்றோ?

இம்முறை தமிழகத்துக்கும் பொதுவானது. புதுச்சேரியிற் பஞ்சாங்கம் கணித்த ஒருவர், நிலத்தில் சோழிகளைப் பரப்பி, மனனம் செய்த அட்டவணைகளைக் கொண்டே 1825 மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அதனைப் பதிவு செய்தவர் ஜோன் வாரன் என்பார். தொடக்க நேரத்தில் நான்கு நிமிடமும், நடுநேரத்தில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை. ஆனால் அக்கணிதர் தாம் செய்த கணிதத்தின் கொள்கையை அறிந்திலர் என்றும் வாரன் எழுதினார்.

இங்கேதான் சிந்திக்கவேண்டிய செய்தி உள்ளது. வாக்கியங்கள் தரும் சந்திர நிலை பௌர்ணமி, அமாவாசை நாட்களில் வானத்தோடு பெரிதும் ஒத்துவரும். அரைச்சந்திர நாட்களில் இரண்டு பாகைக்கு மேலும் விலகக்கூடும். காரணம் அறிந்தவனே அப்பிழையைத் திருத்துவான். வாக்கியத்தை மட்டும் அறிந்தவன், பிழை இருப்பதையும் அறியான்.

வட்டுக்கோட்டையில் 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய செமினரியில் கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. 1829 மார்ச்சு மாதச் சந்திரகிரகணத்தின்போது உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பும் மேனாட்டுக் கணிப்பும் வேறுபட்டன. எது வானத்தோடு ஒத்தது என்பது யாழ்ப்பாணத்திற் பெரும் விவாதமாயிற்று. அவ்விவாதத்தில் சமயப் போட்டியும் கலந்திருந்தது. எனினும் அதனால் விளைந்த நன்மை ஒன்றுண்டு: கணிதத்தின் காரணத்தைத் தமிழிலேயே விளக்கும் முயற்சி வலுத்தது. செமினரியிற் பயின்ற கரோல் விசுவநாதபிள்ளை 1855 இல் வீசகணிதத்தைத் தமிழ் நூலாக்கினார்.

இன்றும் யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வெளிவருகின்றன. சில ஆண்டுகளில் விரத நாள் இரண்டிலும் வேறுபட, எதனைக் கொள்வது என்று வீடுகளிற் கேள்வி எழுகின்றது. இரண்டும் எவ்வாறு கணிக்கப்படுகின்றன என்பதை அறிந்த வீட்டில் அக்கேள்வி பூசலாவதில்லை.

கைக் கணிபொறிக்குச் செய்முறை எழுதும் இளைஞர்க்கும் இதுவே பாடம். பிறர் எழுதிய செய்முறையைப் பதித்து விடை பெறுதல் எளிது. அவ்விடை எவ்வளவு தூரம் மெய், எங்கே பிழைபடும் என்று அறிதலே கணிதம். முன்னோர் நமக்கு வாக்கியங்களை வைத்துச் சென்றனர். அவற்றின் காரணத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுதல் நம் கடமையாகும்.