லேப்டாப் வாங்கப் போகிறோமா? எடையா, வேகமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மாதம் வந்த உள்கடன் விண்ணப்பங்களைப் பார்த்தேன். ஆடு, தையல் மெஷின், கூரை மாற்ற என்று வழக்கமாக வருவதற்கு நடுவில் "மகளுக்கு லேப்டாப்" என்று பல விண்ணப்பங்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் எந்த லேப்டாப், எதற்கு என்று கேட்டால், "கடைக்காரர் நல்லதா ஒண்ணு தர்றேன்னு சொல்லியிருக்காருங்க" என்றுதான் பதில் வருது. ஆடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிறவங்க நாம. இதை மட்டும் ஏன் பார்க்காமல் வாங்கணும்?

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கினார்கள். 14 அங்குலத் திரை, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி. இந்தப் பெண் என்ன படிக்கிறாள், எவ்வளவு தூரம் பஸ்ஸில் தூக்கிப் போகிறாள் என்று பார்த்துக் கொடுக்க அரசாங்கத்தால் முடியாது, லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். நாம் வாங்குவது ஒன்றே ஒன்று, அதுவும் கடனில். நாம பார்த்துத்தான் வாங்கணும்.

லேப்டாப்பில் எடையும் வேகமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். ஏன் என்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. வேகமாக வேலை செய்கிற சிப் அதிக கரண்ட் எடுக்கும். எடுக்கிற கரண்ட் சூடாக மாறும். அந்தச் சூட்டை வெளியே தள்ள உள்ளே செம்புக் குழாய் வேணும், காற்றாடி வேணும், காற்று போக இடம் வேணும். பெரிய சார்ஜரும் வேணும். எல்லாம் சேர்ந்தால் எடை கூடாமல் என்ன செய்யும்?

பாட்டரியும் அப்படித்தான். 50 வாட்-அவர் பாட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் அடிப்பது, கணக்குப் போடுவது போன்ற வேலைக்கு 10 வாட் எடுத்தால் 5 மணி நேரம் வரும். படம் வரைகிற பெரிய சாப்ட்வேர் ஓடி 50 வாட் எடுத்தால் ஒரே மணி நேரம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தப்போ கரண்ட் இல்லாமல் நாம் பட்ட பாடு மறந்திருக்காது. மழைக்காலத்தில் நம்ம பக்கம் இது சின்ன விஷயம் இல்லை.

1981-ல் அமெரிக்காவில் ஆஸ்போர்ன் 1 என்று தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. எடை சுமார் 11 கிலோ. தையல் மெஷினைப் பெட்டியில் போட்டுத் தூக்குவது போல இருக்கும். திரை 5 அங்குலம்தான், பாட்டரியும் கிடையாது, போன இடத்தில் பிளக் தேடணும். அதற்கு நேர் எதிராக 2007-ல் அசுஸ் கம்பெனி ஈ பிசி என்று ஒரு கிலோவுக்கும் குறைவாக ஒன்று கொண்டுவந்தது. தூக்க சுகம். ஆனால் 7 அங்குலத் திரை, 4 ஜி.பி. சேமிப்பு இடம், ஆமை வேகம். இன்றைக்குக் கடையில் இருப்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. எங்கே நிற்பதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

அம்பகரத்தூரிலிருந்து திருநள்ளாறு வழியாக காரைக்கால் வந்து அவ்வையார் மகளிர் கல்லூரியில் பி.காம். படிக்கிற பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவளுக்கு டேலி, எக்செல், இன்டர்நெட், ஆன்லைன் வகுப்பு. இதற்கு 8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. உள்ள சாதாரண லேப்டாப் போதும். ஒன்றரை கிலோவுக்குப் பக்கத்தில் பார்க்கணும். கடைக்காரர் "கேமிங் மாடல், சூப்பர் ஸ்பீடு" என்று இரண்டரை கிலோ மாடலைக் காட்டுவார். சார்ஜர் தனியாக அரைக் கிலோவுக்கு மேல் வரும். நோட்டு, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டிலோடு காலை நேர பஸ்ஸில் நின்றுகொண்டு வரணும். ஒரு வாரம் தூக்குவாள். அப்புறம் அது வீட்டிலேயே கிடக்கும், அவள் மறுபடி செல்போனில் படிப்பாள். இன்னொன்றும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வீட்டில் கிடக்கிற வேகமான லேப்டாப் அண்ணன் தம்பி கேம் விளையாடத்தான் போகும். கடன் அம்மா பேரில், படிப்பு மகள் பேரில், லேப்டாப் பையன் மடியில்!

நெடுங்காடு பொறியியல் கல்லூரியில் சிவில் படிக்கிற பெண்ணுக்குக் கதை வேற. ஆட்டோகேட் போன்ற சாப்ட்வேருக்கு 16 ஜி.பி. ரேம் இருந்தால்தான் நிம்மதி. ஆனாலும் அவசரப்பட வேண்டாம். பெரிய வரைபட வேலையைக் கல்லூரி லேபிலேயே செய்கிறார்களா, வீட்டில் செய்யணுமா என்று மூத்த மாணவிகளைக் கேளுங்கள். லேபில் முடிகிறது என்றால் நடுத்தர எடையே போதும். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு எடை பெரிய பிரச்சினையே இல்லை. வீட்டை விட்டு வெளியே போகாது என்றால் லேப்டாப்பே வேண்டாம், அதே பணத்துக்கு டெஸ்க்டாப்பில் கூடுதல் வேகம் கிடைக்கும், கூட ஒரு யு.பி.எஸ். வைத்தால் ஆச்சு.

கணக்கையும் பார்ப்போம். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 20 மாதத் தவணை, அசல் குறையக் குறைய வட்டி குறையும். 40,000 ரூபாய் கடனுக்கு மாதம் 2,000 அசல், மொத்த வட்டி 4,200. 70,000 கடனுக்கு மாதம் 3,500 அசல், மொத்த வட்டி 7,350. தேவையில்லாத வேகத்துக்கு 33,150 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறோம். அது எத்தனை மாதச் சேமிப்பு என்று உங்கள் பாஸ் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

கடையில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் ஐ5 என்று இருந்தால் எல்லாம் ஒரே வேகம் என்று நினைக்கிறோம். இல்லை. மெலிந்த லேப்டாப்பில் குறைந்த கரண்டில் ஓடுகிற ஐ5-ம் இருக்கு, தடித்த லேப்டாப்பில் அதிக கரண்டில் ஓடுகிற ஐ5-ம் இருக்கு. மெலிந்தது சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்னொன்று, மெலிந்த மாடல்கள் பலவற்றில் ரேமைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்து விடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. "ரேம் பின்னாடி ஏத்தலாமா?" என்று கட்டாயம் கேளுங்கள். ஏற்ற முடியாது, நாலு வருஷப் படிப்பு என்றால் முதலிலேயே 16 வாங்குவது நல்லது. பழைய ஹார்டு டிஸ்க் வைத்த மாடல் வேண்டவே வேண்டாம். உள்ளே தட்டு சுற்றும், பஸ் குலுக்கலுக்கு ஆகாது. முடிந்தால் டைப்-சி பின்னில் சார்ஜ் ஏறுகிற மாடலாகப் பாருங்கள், அந்த சார்ஜர் சின்னது.

கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி பக்கத்துச் சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்புக் காற்று பின்களில் துருப் பிடிக்க வைக்கும். ஜன்னலோரம் வைக்காமல் பையில் மூடி வையுங்கள். காற்றாடி ஓடுகிற லேப்டாப்பை மெத்தை மேல் வைத்தால் காற்று அடைபடும். நெல் தூற்றுகிற நாளில் திறக்கவே வேண்டாம்.

கடைக்கு மகளையும் அவள் காலேஜ் பையையும் கூட்டிக்கொண்டு போங்கள். புத்தகத்தோடு லேப்டாப்பையும் சார்ஜரையும் பையில் போட்டு, தோளில் மாட்டிக் கடை வாசல் வரை நடந்து பார்க்கட்டும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

ஊக்குநர்கள் இனி லேப்டாப் கடன் விண்ணப்பத்தில் மூன்று விவரம் சேர்த்து எழுதி வாங்கவும்: என்ன படிப்பு, வாரத்தில் எத்தனை நாள் பஸ்ஸில் போகும், சார்ஜரோடு எடை எவ்வளவு. பில் மகள் பேரில் இருக்கணும். லேப்டாப்பின் சீரியல் நம்பரைத் தீர்மானப் புத்தகத்தில் கடன் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடவும்.