கந்தக வெந்நீரும் கழற்றாத தாயத்தும்

(வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



வெளிநாடு போய் வந்ததைப் பற்றி நாம் ஏதாவது பேச வேண்டுமென்று தலைவரவர்கள் கட்டளையிட்டார்கள். கட்டடங்களையும் கடைத்தெருக்களையும் பற்றி யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். நாம் ஒரு குளிப்பைப் பற்றிச் சொல்லப் போகிறோம். குளிப்பதற்கு ஒரு பிரசங்கமா என்று சிரிக்காதீர்கள். நம் நாட்டில் குளிப்பைப் போலப் புரட்டு நிறைந்த காரியம் வேறு சொற்பம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஜார்ஜியா தேசத்தின் தலைநகரம் திபிலிசி. 1936 வரை வெளியுலகம் அதைத் திப்லிஸ் என்றே அழைத்து வந்தது. அந்தப் பாஷையில் 'திபிலி' என்றால் வெதுவெதுப்பு என்று அர்த்தம். ஆகவே ஊருக்குப் பேர் கொடுத்ததே வெந்நீர் ஊற்றுத்தான். 5-வது நூற்றாண்டில் வக்தாங்கு என்ற அரசன் வேட்டைக்கு வந்தானாம்; அவனுடைய வல்லூறும் அது பிடித்த காட்டுக்கோழியும் ஊற்றில் விழுந்து வெந்து போயினவாம்; அதைக் கண்டு அங்கே நகரம் கட்டினானாம். இது கதை. அவர்களும் கதையாகவே சொல்லுகிறார்கள். வல்லூறுக்குக் கோவிலுமில்லை, வெந்த கோழிக்குத் திதியுமில்லை. இதே ஊற்று நம் பக்கத்தில் பொங்கியிருந்தால் ஸ்தலபுராணம் என்ன, உண்டியல் என்ன, தர்ப்பைப்புல் என்ன, யோசித்துப் பாருங்கள்!

அபனோத்துபானி என்கின்ற பேட்டையில் அந்தக் குளிப்பிடங்கள் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. மேலே தெரிவதெல்லாம் கவிழ்த்து வைத்த பானைகள் போன்ற செங்கல் கும்மட்டங்கள்தான். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு துவாரம். வெளிச்சம் உள்ளே வரவும் ஆவி வெளியே போகவும் அதுவே வழி. ரஷ்யக் கவி புஷ்கின் 1829-ல் இங்கே குளித்துவிட்டு மெச்சி எழுதியிருக்கிறார். கிட்டப் போனதுமே அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. பயப்பட வேண்டியதில்லை. மழைத்தண்ணீர் பூமிக்குள் ஆழமாக இறங்கி, அங்குள்ள சூட்டில் காய்ந்து, பாறையிலுள்ள பொருள்களைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. அதில் கலந்துள்ள ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவின் நாற்றம் அது. தொட்டித் தண்ணீரின் சூடு சுமார் 40 டிகிரி.

பணக்காரருக்குத் தனி அறை, மற்றவருக்குப் பொதுக்கூடம் என்ற பேதம் அங்கும் இருக்கத்தான் இருக்கிறது. நாம் பொதுக்கூடத்துக்கே போனோம். ஆண்களுக்கு வேறு, பெண்களுக்கு வேறு. பணத்தைக் கட்டி உள்ளே போனதும், துணி முழுவதையும் களைந்துவிட வேண்டும். கிழவர், வாலிபர், தொந்தி பெருத்தவர், எலும்பும் தோலுமானவர் எல்லோரும் பிறந்தமேனியாய் ஒரே தொட்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் யார் அதிகாரி, யார் வண்டிக்காரர் என்று எந்தப் பிரம்மா வந்தாலும் சொல்ல முடியாது.

நம்மோடு வந்த நண்பர் நன்றாகப் படித்தவர். அவர் எல்லாவற்றையும் கழற்றினார். அரைஞாணில் கோத்த வெள்ளித் தாயத்தை மாத்திரம் கழற்றவில்லை. தொட்டியில் கொஞ்ச நேரம் கிடந்து எழுந்ததும் அலறிவிட்டார். தாயத்து கன்னங்கரேலென்று கறுத்துப் போயிருந்தது! "ஏதோ கெடுதல் வரப்போகிறது, ஐயா" என்றார். "கெடுதலுமில்லை, கிரகமுமில்லை. கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். உம்மைக் காப்பாற்ற வந்த தாயத்து, தன்னையே வெந்நீரிலிருந்து காப்பாற்றிக்கொள்ளவில்லையே!" என்றோம். அவரைக் கேலி செய்ததில் நமக்குக் கொஞ்சம் கர்வந்தான்.

அந்தக் கர்வம் கால்மணி நேரங்கூட நிற்கவில்லை. உடம்பு தேய்த்துவிடுவதற்கு அங்கே ஆள் உண்டு; மெகிசே என்று பேர். நம்மைக் கல்மேடையில் படுக்க வைத்து, சொரசொரப்பான கையுறையைப் போட்டுக்கொண்டு தேய்த்தார். அழுக்கு திரிதிரியாய் உருண்டது. பிறகு ஒரு துணிப்பையைச் சோப்புநீரில் முக்கி ஊதி, நுரையை நம்மீது மலைபோலக் குவித்தார். அந்தச் சுகத்தில் கிடந்த நாம், மொழிபெயர்க்க வந்தவரைப் பார்த்து என்ன கேட்டோம் தெரியுமா? "இவர் என்ன ஜாதி?"

கேட்டது நம் வாய்தான், தோழர்களே! மொழிபெயர்ப்பாளருக்கு விளங்கவில்லை. "எந்த ஊர்க்காரர் என்கிறீர்களா? என்ன சம்பளம் என்கிறீர்களா?" என்றார். பதில் சொல்ல நமக்கு நாவெழவில்லை. மெகிசே சிரித்துக்கொண்டே ஒரு வாளித் தண்ணீரை நம் தலையில் கொட்டினார்.

1927-ல் மகாட் ஊரின் சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கரும் அவர் பின்வந்த மக்களும் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள் என்பதற்காக, அந்தக் குளத்துக்கே சாணியும் மாட்டு மூத்திரமும் கலந்து 'தீட்டுக்' கழித்தார்கள். அவர்களை நாம் எத்தனை மேடைகளில் திட்டியிருக்கிறோம்! 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. அதற்கு எத்தனையோ வருஷங்கள் கழித்துப் பிறந்த நமக்கு, அம்மணமாகப் படுத்திருக்கும்போதும் அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. நண்பர் தாயத்தைக் கழற்றவில்லை. நாம் இதைக் கழற்றவில்லை. இதில் யாருடையது பெரிய மூடநம்பிக்கை?

நண்பரின் தாயத்துக்கு வழியிருந்தது. ஊர் வந்ததும் அவர் வீட்டம்மாள் திருநீற்றைப் போட்டுத் தேய்த்தார், பளபளவென்று வெளுத்துவிட்டது. திருநீற்றின் மெய்யான உபயோகத்தை நாம் கண்ணால் கண்டது அன்றுதான்! நம்முடைய கறுப்புக்கு அப்படிப்பட்ட பொடி ஒன்றுமில்லை. புதிதாக ஒருவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி நாக்கு நுனிக்கு வருகிறதா என்று நாமேதான் கவனித்து விழுங்க வேண்டும். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் நீங்களும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.