காணாப் பகையும் கடவுள் துணையும்



திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டிற்கு எழுந்தருளி, கொடிமாடச் செங்குன்றூர் என்று அந்நாளில் வழங்கிய திருச்செங்கோட்டில் தங்கியிருந்தபோது, பனிக்காலம் புகுந்து, உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிக்கொள்ள, அவர் திருநீலகண்டப் பதிகம் பாடி அந்நோயைத் தீர்த்தருளினார் என்று சேக்கிழார் பெருமான் வருணிக்கிறார். வைத்தியர்கள் இன்று மலேரியா என்று சொல்லும் ஜ்வரந்தானா அது என்று வாதாட நான் வரவில்லை. மலையடிவாரத்துக் குளிர்சுரம் நமக்குப் புதிய பகையன்று என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

அந்தப் பகைக்கு மருந்து வேண்டித்தான், 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தென்னமெரிக்க மலைகளின் சிங்கோனா மரத்தை இந்த நீலகிரிக்குக் கொண்டுவந்து, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிராக்கி, அதன் பட்டையிலிருந்து கொயினா எடுத்தார்கள். மருந்து கிடைத்ததே தவிர, நோய் எந்த வாசல் வழியாக உடம்புக்குள் நுழைகிறது என்பது விளங்கவில்லை; கெட்ட காற்று என்றார்கள், சதுப்பு நிலத்து ஆவி என்றார்கள். 1897-இல் உதகைக்கு வந்திருந்த ரொனால்டு ராஸ் என்னும் ராணுவ வைத்தியர், சீகூர்ச் சரிவில் கல்லட்டிப் பக்கம் ஆராயப் போய், தாமே அந்த ஜ்வரத்தில் விழுந்தார். தேறி எழுந்து, அதே ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி செகந்தராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து மைக்ராஸ்கோப்பில் நோக்கி, அங்கே அந்நோயின் கருவைக் கண்டார். கண்டவர் கவிதையும் எழுதினார். கடவுளுக்கு நன்றி சொல்லும் கவிதை! மைக்ராஸ்கோப் வந்தால் தெய்வம் போய்விடும் என்று அஞ்சுகிற பக்தர்களும், போய்விட வேண்டுமே என்று ஏங்குகிற பகுத்தறிவாளர்களும் இதைச் சற்றுச் சிந்திக்கலாம்.

இனி, நம் குன்னூருக்கு வருவோம். சிம்ஸ் பூங்காவின் அருகே நிற்கிறதே பாஸ்டர் நிலையம், அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த கொடையின் துணையோடு 1907-இல் அது தொடங்கிய நாள் முதல், வெறிநாய் கடித்தவர்கள் தென்னாட்டின் பல மூலைகளிலிருந்தும் மேட்டுப்பாளையத்து மலைரயிலில் ஏறி இங்கே வந்தார்கள். செம்மறியாட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தக் காலத்து மருந்தைத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் ஏற்றிக்கொள்ள வேண்டும். நாலைந்து ஊசிக்குள் வயிறு தடித்துப்போகும், அடுத்த ஊசிக்கு வலியில்லாத இடம் தேட வேண்டும். வலியைவிடக் கொடியது காத்திருப்பு. கடித்த விஷம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சந்தடியில்லாமல் நரம்பின் வழியே ஊர்ந்து மூளையை நோக்கிச் செல்லும். தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகத் தொடங்கிவிட்டால், அதன்பின் எந்த வைத்தியனும் கை கொடுக்க முடியாது. ஊசியெல்லாம் முடிந்து வீடு திரும்பிய மனிதன், ஒவ்வொரு நாளும் செம்பில் தண்ணீர் எடுக்கையில் தன் தொண்டையைத் தானே பரிசோதித்துக்கொள்வானே, அந்த மாதங்களில் அவனுக்குத் துணை யார்? டாக்டர் தம் கடமையைச் செய்து முடித்துவிட்டார். அம்மனை வேண்டிக் கையில் கட்டிய மஞ்சள் கயிறு அங்கேதான் வேலைசெய்யத் தொடங்குகிறது. கயிற்றை எள்ளி நகைப்பவர்கள் அந்தச் செம்பை ஒருநாளாவது கையில் ஏந்திப் பார்க்கட்டும்.

பயத்தில் பிறந்ததே பக்தி, நோய் போனால் அதுவும் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். அம்மை வார்த்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, அந்நியரை உள்ளே விடாமல், மாரியம்மனை வேண்டிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. பெரியம்மை இந்தியாவை விட்டு ஒழிந்ததென்று 1977-இல் சான்று தந்துவிட்டார்கள். பயமே காரணமென்றால், நம் தந்தி மாரியம்மன் கோயிலில் இந்நேரம் நெரிசல் குறைந்திருக்க வேண்டும். தேர்த்திருவிழாவன்று மவுண்ட் ரோட்டில் நடக்க முயன்றவர்களிடம் கேளுங்கள்!

இவ்வளவு சொன்ன நான், ஒரு காரியத்தில் மட்டும் பக்தர்களோடு சண்டை பிடிப்பேன். நாய் கடித்த இடத்தில் மிளகாய்ப்பொடியை அப்பி, மந்திரித்துக்கொண்டு, அம்மன் காப்பாற்றுவாள் என்று தோட்டத்து லைன் வீட்டிலேயே படுத்துக்கொள்வதை நான் நம்பிக்கை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அது அம்மனுக்கே பரீட்சை வைக்கிற அகங்காரம். கடித்த உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இப்போது தொப்புளைச் சுற்றிக் குத்துவதில்லை, கையிலேயே நாலைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. சொன்ன தேதிகளில் ஒன்றையும் விடாமல் போட்டுக்கொள்ளுங்கள். நேர்ந்துகொண்ட தேங்காயை அடுத்த வெள்ளிக்கிழமை உடைத்தாலும் தாய் கோபித்துக்கொள்ள மாட்டாள்.