உயர்த்திய வண்டியும் முதியோர் முதுகும்

தலைநகரின் மேற்குப் பகுதியிலுள்ள ஜனக்புரியில் சில ஆண்டுகளாக ஒரு வழக்கம் பெருகி வருவதை நாம் காண்கிறோம். மலைப் பாதைக்கும் மணற்பரப்புக்கும் என்றே அமைந்த ஜிப்ஸி, தார் போன்ற வண்டிகளை வாங்கும் நம்மவர் வீட்டு இளைஞர்கள், அவற்றை வாங்கிய உருவிலேயே விட்டுவைப்பதில்லை. இரண்டு அங்குலமோ மூன்று அங்குலமோ உயர்த்துகிறார்கள். பெரிய டயர்களையும் மாட்டுகிறார்கள். பழைய வாகனங்களைப் பிரித்து உறுப்புகளை விற்கும் மாயாபுரிச் சந்தை அருகிலேயே இருப்பது இந்த ஆசைக்கு மேலும் வசதியாகிறது.

உயரத்தால் பயனில்லை என்று நாம் கூற வரவில்லை. ஓடையைக் கடக்கும்போது பாறை வண்டியின் அடிவயிற்றில் இடிக்காதிருக்க அது உதவும். ஆனால் உயர்த்திய வண்டியின் பின்னிருக்கையில் ஊரிலிருந்து வந்த தாயோ தந்தையோ அமரும்போதுதான் அந்த உயரத்தின் விலை தெரியவருகிறது.

நம் அண்டை வீட்டில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒரு குடும்பம் வசிக்கிறது. மகன் வைத்திருப்பது 2015-ஆம் ஆண்டு ஜிப்ஸி. தந்தையாரை ரிஷிகேசம் அழைத்துச் சென்று, உடல் இடங்கொடுத்தால் அங்கிருந்து பத்ரிநாத்துக்கும் போய்வர வேண்டும் என்பது வீட்டாரின் நெடுநாள் எண்ணம். வண்டியை உயர்த்திய மறுவாரம் பெரியவர் அதில் ஏறி நகருக்குள் ஒருமுறை போய்வந்தார். இறங்கியதும், "தம்பி, எங்கள் ஊர் வில்வண்டியில் பத்துக் கல் போனாலும் இடுப்பு இப்படி வலித்ததில்லை, யாத்திரையே வேண்டாம்" என்று நம்மிடம் சொல்லிவிட்டார்.

பெரியவர் வில்வண்டியை நினைத்தது பொருத்தமே. மாட்டு வண்டியின் அச்சின்மீது இரும்புத் தகடுகளை வில்லாக வளைத்து அடுக்கிய வண்டிக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. ஜிப்ஸியின் முன்னும் பின்னும் உள்ளவை அதே தகட்டு விற்கள்தாம். மாயாபுரித் தொழிலாளி அவற்றைக் 'கமானி' என்கிறார். கமான் என்றாலும் வில்தான். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இரு மொழிகளும் ஒரே உவமையைப் பற்றியிருப்பது ஒரு தனி மகிழ்ச்சி.

இனி வலிக்குக் காரணம் என்ன என்று பார்ப்போம். ஜிப்ஸி ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள வண்டி. அதன் பின்விற்கள் சுமையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. ஆகையால் சுமையில்லாத வேளையில் அவை இயல்பாகவே விறைப்பானவை. போதாக்குறைக்கு, உயர்த்துவதற்காக ஒரு தகட்டைக் கூடுதலாகச் செருகுகிறார்கள், அல்லது கனமான தகடுகளை மாற்றுகிறார்கள். தகட்டின் கனம் 6 மில்லிமீட்டரிலிருந்து 7 ஆனால், அதன் விறைப்பு ஏறக்குறைய 60 சதவீதம் கூடிவிடுகிறது. கனத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி விறைப்பு உயரும் என்பது கணக்கு. சாதாரணக் கார் ஒன்று தன் விற்களின்மீது வினாடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை முறை மேலும் கீழும் அசையும். இது மனிதன் நடக்கும்போது உடல் அசையும் வேகத்துக்கு அருகில் இருப்பதால் நமக்கு இதமாகிறது. வில் விறைக்க விறைக்க அசைவு வேகமாகிறது. வினாடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான செங்குத்து அதிர்வே அமர்ந்திருக்கும் மனித உடலை மிகவும் வருத்துவது. பின் அச்சின்மீதே அமர்ந்த பெரியவருக்கு இடுப்பு வலித்ததில் வியப்பில்லை.

மற்றொரு குறை ஷாக் அப்ஸார்பரைப் பற்றியது. வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தி, ஷாக்கைப் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டால், சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கு இருந்த இடத்தில் அந்த இரண்டு அங்குலமும் போய்விடுகிறது. சக்கரம் இறங்கும்போது ஷாக் தன் எல்லைவரை நீண்டு 'தடார்' என்று இழுபடும். இந்த ஓசையைக் கேட்டு வில் பலவீனமாகிவிட்டது என்று கருதி இன்னுமொரு தகட்டைச் சேர்ப்பவர்களும் உண்டு! நோயையே மருந்தாக்கும் வைத்தியம் இது. ஷாக்கை உயரத்துக்கேற்ற நீளத்தில் மாற்றுவதே முறை. நீளமான ஷாக் சுருங்கும்போதும் நீளமாகவே இருக்குமாதலால், சக்கரம் மேலெழும்பி அதை நசுக்காதபடி ரப்பர்த் தடையையும் தக்கவாறு இறக்கி அமைக்க வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆயினும் செலவில்லாத பரிகாரத்தை முதலில் செய்து பார்ப்பதே அறிவுடைமை. நம் அண்டை வீட்டு வண்டியின் டயர்களில் 35 பவுண்டு காற்று இருந்தது. வண்டியோடு வந்த கையேட்டிலுள்ள அளவோ அதைவிட வெகு குறைவு. டயரும் ஒரு வில்லே. கல்லெனக் காற்றடைத்தால் சாலையின் சிறு நடுக்கங்கள் அனைத்தும் நேரே இருக்கைக்கு வந்துசேரும். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிப்படுத்தியதில், சிறு நடுக்கம் அன்றே பெரிதும் தணிந்தது. பிறகு விற்களைக் கழற்றித் துருவை நீக்கித் தகடுகளுக்கிடையே கிரீஸ் பூசினார்கள். துருவேறிய தகடுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால், சிறு மேடுகளுக்கு வில் அசையவே அசையாது. கடைசியாக, சேர்த்த தகட்டை எடுத்துவிட்டு நீளமான ஷாக்குகளைப் பொருத்தினார்கள். உயரத்தில் ஓர் அங்குலம் போயிற்று. மகனுக்கு அதில் சற்று மனக்குறைதான். தந்தையார் இரண்டு மாதம் கழித்து ரிஷிகேசம் சென்று திரும்பினார். பத்ரிநாத்தை அடுத்த ஆண்டுக்கென்று வைத்திருக்கிறார்.

வில்லைப் பற்றிய இந்த ஆராய்ச்சி புதிதன்று. 1930-களில் அமெரிக்காவின் கெடிலாக் நிறுவனத்தில் பணியாற்றிய மாரிஸ் ஆலி என்னும் ஆங்கிலப் பொறியாளர், காரின் இரு முனைகளிலும் எடைகளை இடம் மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்தார். முன்வில் மென்மையாகவும் பின்வில் அதைவிடச் சிறிது விரைந்து அசைவதாகவும் இருந்தால், மேட்டைத் தாண்டிய வண்டி முன்னும் பின்னும் ஊஞ்சலாடாமல் விரைவில் சமநிலைக்கு வரும் என்று கண்டார். முன்புறத்தை மட்டும் விறைப்பாக்கி உயர்த்துவோர் இந்த ஒழுங்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முன் அச்சின் சாய்வும் மாறிவிட்டால், ஸ்டியரிங் வளைவிலிருந்து தானே நேருக்குத் திரும்பும் குணம் குன்றிவிடும். அது சௌகரியத்தோடு நில்லாமல் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடும்.

2020-இல் வந்த தார் வண்டியில் முன்னும் பின்னும் சுருள்விற்களே உள்ளன. சுருளுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே துண்டு வைத்து உயர்த்தினால் வில்லின் விறைப்பு மாறாது என்பது உண்மையே; ஆனால் சக்கரம் இறங்கும் இடம் அங்கும் குறைகிறது. ஷாக்கைப் பற்றி முன்னே கூறியது அதற்கும் பொருந்தும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், தயாரித்தவர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே வேலையில் இறங்குமுன் போக்குவரத்து அலுவலகத்தையும் காப்பீட்டு நிறுவனத்தையும் கேட்டுக்கொள்வது நலம்.

நம் தெருக்களின் வேகத்தடைகளும் இதில் பங்கு கொள்கின்றன. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கான தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு மெல்ல ஏறி இறங்க வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு. ஜனக்புரிச் சந்துகளில் சில தடைகள் ஒரு முழ அகலமே இருக்கின்றன. அவற்றின்மீது எத்தகைய வில்லும் தோற்றுவிடும். நடை வேகத்தில் கடப்பதைத் தவிர வேறு வழியில்லை.

விற்களைக் கழற்றிப் பூட்டிய வண்டியை யாத்திரைக்கு எடுப்பதானால், ஓரிரு நூறு கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டிய பின்பு, அச்சோடு வில்லைப் பிணைக்கும் யு போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டே புறப்படுங்கள்.