ஆட்டிசக் குழந்தைகளும் ஒழுங்கமைத்த கற்பித்தலும்

  

ஆட்டிசம் உள்ள குழந்தை ஒரு வீட்டில் இருந்தால், நாம் முதலில் யாரைக் குறை கூறுகிறோம்? தாயைத்தான். வளர்ப்புச் சரியில்லை என்கிறோம். அமெரிக்காவில் படித்த மேதைகளே இப்பழியைச் சுமத்தியதுண்டு. பெற்றோரின் பாசக் குறைவே காரணம் எனச் சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் ஒரு நூலே எழுதினார். அதே சிகாகோவில் பயின்ற எரிக் ஷாப்ளர் இதை மறுத்தார். பெற்றோர் குற்றவாளிகள் அல்லர், ஆசிரியருக்குத் துணைவர்கள் என்றார். வடகரோலினாப் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய 'டீச்' திட்டம் 1972 முதல் அம்மாநிலம் முழுவதற்குமான திட்டமாயிற்று.

அதன் முறை எளிது. இக்குழந்தைகளுள் பலர் காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதை எளிதில் பற்றிக்கொள்கின்றனர். ஆகவே, அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசையில் ஒட்டி வைப்பர். செய்ய வேண்டியவை இடப்பக்கக் கூடையில் இருக்கும். முடிந்தவை வலப்பக்கக் கூடைக்குச் செல்லும். வேலை எவ்வளவு, எப்போது முடியும், அடுத்தது என்ன என்பது பிறர் சொல்லாமலே குழந்தைக்கு விளங்கிவிடும். நாம் அடம் என்று நினைப்பது பல வேளைகளில் அடுத்தது என்னவென்று தெரியாத கலக்கமே.

பலன் உண்டா? 2013-இல் 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பிறரோடு பழகுவதிலும் தொல்லையான நடத்தை குறைவதிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பேச்சிலும் அறிவுத்திறனிலும் பலன் சிறிதே. அவற்றில் பங்கேற்றோர் மொத்தம் 172 பேர்தாம் என்பதையும் மறைக்கலாகாது. எனவே, 'முற்றிலும் குணமாக்குகிறோம்' என்று பணம் கேட்பவர் சிகிச்சை நிலையத்தாராயினும் தாயத்துக் கட்டுபவராயினும் நம்ப வேண்டாம்.

இவை வசதி படைத்த நாட்டுச் செய்திகள்தாமே என்பீர்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2016-இல் மருத்துவ இதழில் அச்சாயிற்று. முறை சற்று வேறு. சிறப்பு மருத்துவர் அல்லாத பணியாளர்களே 12 அமர்வுகளில் பெற்றோருக்குப் பயிற்சி அளித்தனர். பெற்றோர் குழந்தையின் போக்கறிந்து பேசப் பழகினர். குழந்தைகளும் தாமாகப் பேச்சையும் சைகையையும் தொடங்குவது கூடியது. ஆனால், இருவரும் ஒன்றிலே சேர்ந்து கவனம் செலுத்தும் நேரம் கூடவில்லை, குறைந்தது.

நம் மக்தபில் என்ன செய்யலாம்? ஒளூவின் வரிசையைப் படங்களாக ஹவுளின் அருகே ஒட்டலாம். அக்குழந்தைக்கு நாள்தோறும் ஒரே இடத்தைத் தரலாம். ஒலிபெருக்கிக்கு அருகில் மட்டும் வேண்டாம். இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் ஷஃபானுக்குள் நம்மிடம் சொல்லி வைத்தால், ஷவ்வாலில் மக்தப் திறக்கும் முன்பே பிள்ளையின் வழக்கங்களை அந்தத் தாயிடமே கேட்டு, உஸ்தாதும் நாமும் பட அட்டைகளை ஆயத்தம் செய்து வைப்போம்.