ஓடும் சைக்கிளும் ஓடாத படமும்

ஓடுகின்ற ஒன்றை ஓடாத படத்திலே காட்டுவது எப்படி? அறிஞர் அண்ணா பிறந்த நாளாகிய செப்டம்பர் 15-ஐ ஒட்டித் தமிழ்நாட்டு மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் பந்தயம் நடத்துகிறது. திருவண்ணாமலையிலும் அது நடைபெறுகிறது. விலையுயர்ந்த பந்தய வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. நாம் நாள்தோறும் காணும் சாதாரண சைக்கிள்தான். அதைப் படம் பிடிக்க விரும்புவோர் முதலில் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும்.

மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சிறுமி ஒரு விநாடியில் 5 மீட்டர் கடக்கிறாள். காமிராவின் ஷட்டர் விநாடியில் 500-இல் ஒரு பங்கு நேரமே திறந்திருந்தால், அதற்குள் அவள் நகர்வது 1 சென்டிமீட்டர்; படம் தெளிவாக விழும். 30-இல் ஒரு பங்கு திறந்திருந்தால் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவாள், உருவம் கலைந்துபோகும்.

அப்படியானால் விரைந்து மூடுவதே நன்றன்றோ? 1878-இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பார் 12 காமிராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். அதன் நான்கு கால்களும் ஒருங்கே தரையை விட்டு எழும் கணம் உண்டு என்பது புலனாயிற்று. கண்ணுக்கு எட்டாததைக் காமிரா கண்டது. ஆயினும் சைக்கிளுக்கு இம்முறையில் ஒரு குறை உண்டு. சக்கரக் கம்பிகளும் உறைந்து நிற்பதால், ஓட்டுகிறாளா, நிற்கிறாளா என்பதே விளங்காது.

மற்றொரு வழி இது: சாலைக்கு வெளியே, குழந்தையின் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து, முழந்தாளிட்டு இருங்கள். ஷட்டரை 30-இல் ஒரு பங்குக்கு வையுங்கள். வரும் சிறுமியை விட்டுப் பார்வை விலகாமல், அவள் வேகத்திற்கு ஒப்பக் காமிராவைத் திருப்பிக்கொண்டே படம் எடுங்கள். அவள் முகம் தெளிவாக விழும். பின்னணி கோடுகளாய் ஓடும். மலை பின்னே தெரியும் இடமாயின் வியப்பு இன்னும் பெரிது. அசலம் என்றால் அசையாதது என்று பொருள். அருணாசலமே உங்கள் படத்தில் ஓடும்! ஒரு முயற்சியில் இது கைகூடாது. பலமுறை பழக வேண்டும்.

பழகுவதற்கு ஆள் வேண்டுமே? கடைசியில் வருபவரையும் படம் எடுங்கள். முடிவுக் கோட்டில் முதலில் வருபவரை நோக்கியே எல்லாக் காமிராக்களும் திரும்புகின்றன. கடைசிக் குழந்தையும் அதே தூரத்தைத்தான் மிதித்துக் கடந்தது. முதல்வருக்குப் பரிசு சாட்சி. அக்குழந்தையின் உழைப்புக்கு உங்கள் படம் ஒன்றே சாட்சி. படத்தைப் பிறருக்குக் காட்டுமுன் குழந்தையையும் பெற்றோரையும் கேளுங்கள். எவரேனும் வழியில் விழுந்துவிட்டால், காமிராவைக் கீழே வைத்துவிட்டுக் கை கொடுங்கள். எடுக்காமல் விட்ட அந்தப் படத்தால் கலைக்கு நட்டம் ஒன்றுமில்லை.